அம்மாவின் மாத்திரைகளும் சர்ப்பகந்திப் பொடியும்: வழிகாட்டல் தேவை

உறுப்பினர்களுக்கு வணக்கம். தமிழ்நாடு–கேரள எல்லையருகே உள்ள புளியரையில் வசிக்கிறேன். அப்பா இறந்தபின் தூக்கமின்மைக்காக எல்லையின் இருபுறமும் வெவ்வேறு மருத்துவர்கள் அம்மாவுக்கு எழுதித்தந்த மாத்திரைகளை ஒருவரும் சேர்த்துப் பார்க்காததால், ஆறு ஆண்டுகளில் அவை நான்காகிவிட்டன; அவற்றுள் இரண்டு, பெயர் மட்டும் வேறான அதே குளோனசெபாம் (உறக்கம் தரும் அமைதியூட்டி மருந்து) என்பதை அட்டைகளின் பின்புறத்தைப் படித்தபோதுதான் கண்டேன். காலையில் காபி டம்ளரைப் பிடித்தபடியே உறங்கிவிடுகிறார்.

ஆரியங்காவிலுள்ள மாமா சர்ப்பகந்தி வேர்ப்பொடி கொண்டுவந்து, மாத்திரைகளை உடனே நிறுத்தச் சொல்கிறார். மூலிகைமீது எனக்கும் மதிப்பு உண்டு. 1952-இல் அவ்வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பின் என்ற மருந்து மனநல மருத்துவத்திலேயே பயன்பட்டது. ஆனால் அது இரத்த அழுத்தத்தைக் குறைப்பதோடு மனச்சோர்வையும் உண்டாக்கக்கூடும். நெடுநாள் உட்கொண்ட குளோனசெபாமைத் திடீரென நிறுத்தினாலோ வலிப்பே வரலாம். ஆகவே பொடி அலமாரியில் மூடியபடியே இருக்கிறது (மாமாவுக்கு வருத்தம்தான்).

தென்காசி, புனலூர் வட்டாரத்தில், எல்லாச் சீட்டுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, அளவைப் படிப்படியாகக் குறைத்துத் தரும் மனநல மருத்துவரை அறிந்தவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள். மூலிகை ஆய்வில் இருப்போர், குறிப்பாகத் திருவனந்தபுரம் மாவட்டத்தின் பாலோடு என்ற ஊரிலுள்ள தாவரவியல் பூங்காவுடன் தொடர்புள்ளோர், அரைத்த பொடியைக் கொண்டு அது சர்ப்பகந்திதானா என உறுதிசெய்ய எங்கே அணுகலாம் என்பதையும் கூறினால் உதவியாக இருக்கும். மலையாளத்தில் எழுதினாலும் படித்துக்கொள்வேன்.