கேம்ப்ஃபயர் பத்தவே மாட்டேங்குது, அவசரம், உதவி பண்ணுங்க

பனிமூட்டம் | மாலை 5:08
ஏழரை மணிக்கு கெஸ்ட் வர்றாங்க, கேம்ப்ஃபயர் கேட்டிருக்காங்க. நாலு மணியில இருந்து முயற்சி பண்றோம். ரெண்டு டப்பா கற்பூரம், பழைய பேப்பர் ஒரு கட்டு, ஒரு லிட்டர் டீசல் எல்லாம் போச்சு. ஊத்தினதும் நல்லா எரியுது, அஞ்சு நிமிஷத்துல அணைஞ்சு ஒரே புகை. காஞ்ச கட்டைன்னு சொல்லித்தான் வாங்கினோம். என்ன பண்ணலாம்?

சுள்ளிக்கட்டு | 5:13
எந்த ஊர்? என்ன மரம்? உருட்டுக் கட்டையா, பிளந்ததா, எவ்வளவு தடிமன்? தரையில மூட்டுறீங்களா, குழியிலயா, இரும்புத் தொட்டியிலயா? இப்ப மழை இருக்கா? இதெல்லாம் சொன்னாத்தான் ஏதாவது சொல்ல முடியும்.

நீலச்சுடர் | 5:15
கேஸ் டார்ச் இருந்தா ஒரே இடத்துல பத்து நிமிஷம் காட்டுங்க ப்ரோ. எந்தக் கட்டையும் பத்தும்.

விறகுமண்டி | 5:21
இந்தக் கேள்வி ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகைக்கும் இங்கே வருகிறது. பழைய இழைகளைப் பார்த்திருந்தால் ஒரு லிட்டர் டீசல் மிச்சமாகியிருக்கும். தம்பி, அந்த ஐந்து நிமிடமும் எரிந்தது டீசல்தான், கட்டை அல்ல. கட்டை ஒரு திரி மாதிரி நின்றது, அவ்வளவே. எண்ணெய் தீர்ந்ததும் அணைந்தது. கடைக்காரர் "காஞ்சது" என்றால் வெட்டி எத்தனை மாதம் ஆயிற்று, கூரைக்கு அடியில் இருந்ததா என்று கேட்டு வாங்க வேண்டும். அடிப்படை தெரியாமல் தீ மூட்ட இறங்கக் கூடாது.

சுள்ளிக்கட்டு | 5:24
அவர் கெஸ்ட் வர்ற அவசரத்துல இருக்கார் சார். வாங்கின கட்டையை இப்ப மாத்த முடியாது. இருக்கிறதை வச்சு வழி சொல்லுவோம்.

பனிமூட்டம் | 5:29
கோத்தகிரி பக்கம். மூணு நாளா மழை, இப்ப நின்னுடுச்சு, மூடுபனி மட்டும். சீகைன்னு (வாட்டில் மரம்) சொன்னாங்க. உருட்டுக் கட்டை, பட்டையோட, தொடை தடிமன். குழி ஒண்ணரை அடி ஆழம், சுத்தி ஓடைக்கல் வச்சிருக்கோம்.

சுள்ளிக்கட்டு | 5:31
குழியில கையை வச்சுப் பாருங்க. அடியில தண்ணி நிக்குதா?

அடுப்பூதி | 5:36
தண்ணி கண்டிப்பா நிக்கும். மூணு நாள் மழையில ஒண்ணரை அடிக் குழி சின்னக் கிணறுதான். ஆனா முக்கியக் கோளாறு தடிமன்.

விறகு நேரடியா எரியறதில்ல. கட்டை 200, 250 டிகிரிக்கு மேல சூடானதும் அதுல இருந்து வாயு கிளம்பும், அந்த வாயுதான் சுடரா எரியுது. ஈரம் இருக்கிற வரைக்கும் அந்த இடம் தண்ணி கொதிக்கிற சூட்டைத் தாண்டாது. கோத்தகிரி உயரத்துல அது 94 டிகிரி சுமார்தான். உருட்டுக் கட்டையில ஊறின பட்டைதான் முதல்ல தீயைப் பார்க்குது. வர்ற சூட்டையெல்லாம் அது ஆவியாக்கவே குடிச்சிடும். நீங்க பார்க்கிற வெள்ளைப் புகையில நிறைய நீராவிதான்.

பத்து கிலோ கட்டையில நாலு கிலோ தண்ணி இருந்தாக்கூட, அதை ஆவியாக்கற சூடு அந்தக் கட்டை தர்ற மொத்தச் சூட்டுல பத்துல ஒரு பங்குதான். ஆக, சூடு பத்தாமப் போகல, வர்ற வேகம்தான் பத்தல. மெல்லிசாப் பிளந்தா பரப்பு கூடும், வேகமா காயும், வேகமா பத்தும்.

நீலச்சுடர் | 5:38
அதான் டார்ச் சொன்னேன், வேகமான சூடு.

அடுப்பூதி | 5:40
டார்ச் சுடர் படுறது ரெண்டு விரல் அகலம். எடுத்ததும் சுத்தியிருக்கிற ஈரம் அந்த இடத்தை அணைச்சிடும். சுள்ளியைப் பத்த வைக்க டார்ச் அருமை, உருட்டுக் கட்டைக்கு உதவாது. இன்னொண்ணு, குளிர்ல பியூட்டேன் அழுத்தம் இறங்கிடும். டப்பாவைக் கொஞ்ச நேரம் ஸ்வெட்டருக்குள்ள வச்சிருந்து எடுங்க. சின்ன லைட்டருக்கும் இதேதான்.

கோடநாடு ரோடு | 5:42
நம்ம ஊர்தானா! பக்கத்துல யார் வீட்டுலயாவது கற்பூரம் நாலு கட்டை வாங்கிப் பிளந்து போடுங்க, நின்னு எரியும்.

ராத்தங்கல் | 5:44
ரெண்டு டப்பா கற்பூரம் போட்டும் பத்தலன்னுதானே சொல்றார். இன்னும் நாலு கட்டி போட்டா என்ன ஆகும்? பெட்ரோல் கொஞ்சம் தெளிச்சாப் போதும்.

சுள்ளிக்கட்டு | 5:45
பெட்ரோல் வேண்டவே வேண்டாம். அதோட ஆவி காத்தைவிடக் கனம், குழியில இறங்கி நிறைஞ்சு நிக்கும். தீக்குச்சி கிழிச்சதும் குழி மொத்தமா வெடிச்சு முகத்துக்கு வரும். அதைவிட மோசம், கங்கு உள்ள இருக்கும்போது டீசலோ மண்ணெண்ணெயோ ஊத்தறது. சூட்டுல ஆவியாகி, பத்தி, கேன் வரைக்கும் ஏறும். பனிமூட்டம், இனிமே எந்த எண்ணெயும் ஊத்தாதீங்க.

கோடநாடு ரோடு | 5:47
ராத்தங்கல், நான் சொன்னது சாமிக்கு ஏத்துற கற்பூரம் இல்ல, கற்பூர மரம். யூகலிப்டஸை நீலகிரியில அப்படித்தான் சொல்லுவோம்.

விறகுமண்டி | 5:52
அது தவறான வழக்கு. கற்பூர மரம் என்பது வேறு. அது இலவங்கப்பட்டை இனம், சூடம் அதிலிருந்துதான் எடுத்தார்கள். யூகலிப்டஸ் தைல மரம். பெயரைச் சரியாகச் சொன்னால் குழப்பம் வராது.

கோடநாடு ரோடு | 5:55
சார், மாவட்டமே கற்பூர மரம்னுதான் சொல்லுது. விறகு வாங்கப் போய் தைல மரம் கேட்டா இங்க முழிப்பாங்க. அவர் வாங்கப் போறது இங்கதானே? ஊட்டியோட விறகுத் தேவைக்குன்னே ஆஸ்திரேலியாவில இருந்து கொண்டுவந்து நட்ட மரம் அது. நூறு வருஷத்துக்கு மேல புழங்கின பேரு தப்பாகுமா?

அடுப்பூதி | 5:57
பேரு எதுவானாலும், தைலம் இருக்கு, அதனால ஈரத்துலயும் எரியும்னு நம்பி வாங்காதீங்க. தைலம் இருக்கிறது இலையில. கட்டையில ஒண்ணும் பெருசா இல்ல. அது கனமான மரம், காய ரொம்ப நாள் ஆகும், காஞ்சபின் முறுக்கு விழுந்து கோடாரிக்கு மசியாது. பச்சையில பிளந்து அடுக்கி வச்சிருந்தாத்தான் உபயோகம். ஆனா உரிஞ்சு தொங்குற பட்டை காஞ்சு கிடைச்சா பத்த வைக்க அருமையான பொருள்.

விறகுமண்டி | 6:01
இலை பற்றிச் சொன்னது சரி. ஆனால் பெயர் விஷயத்தில் "ஊர் சொல்கிறது" என்பது வாதமல்ல.

மிலாறு | 6:03
நுவரெலியாவிலிருந்து. தேயிலைத் தோட்டம் பக்கத்தில் இருந்தால் மிலாறு, அதாவது கவாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சி, கேளுங்கள். விரல் தடிமன், கனமான குச்சி, கூரைக்கு அடியில் இரண்டு வாரம் இருந்ததென்றால் இந்தக் காலநிலையிலும் பிடிக்கும். மேலே பாசி படர்ந்திருந்தால் கத்தி முதுகால் சுரண்டிவிடுங்கள், ஈரத்தைப் பிடித்து வைப்பது அந்தப் பாசிதான்.

பனிமூட்டம் | 6:06
குழியில தண்ணி இருக்கு, நாலு விரல். கெஸ்ட் ஏழு மணிக்கே வந்துடுவாங்களாம். பத்தலன்னா ஒரு சட்டியில அடுப்புக்கரி போட்டு ரூம்ல வச்சுக் கொடுத்துடலாமா?

சுள்ளிக்கட்டு | 6:07
கூடாது. கரி கணகணன்னு புகையில்லாம இருக்கும்போதும் கார்பன் மோனாக்சைடு வந்துகிட்டே இருக்கும். வாசனை கிடையாது, கண் எரியாது. தூங்குறவங்க எழுந்திருக்கவே மாட்டாங்க. குளிருக்கு ஜன்னலையும் சாத்திடுவாங்க. ரூமுக்குக் கம்பளியும் வெந்நீர்ப் பையும் கொடுங்க, கரிச்சட்டி வாசப்படி தாண்டக் கூடாது.

இப்ப தீ. முக்கால் மணி நேரம் இருக்கு, தாராளம்.

குழியை விட்டுடுங்க. பக்கத்துல மேடான இடத்துல பழைய தகரம் ஒண்ணு போடுங்க, அதுமேல செங்கல் இல்லன்னா மோசமான கட்டை நாலைஞ்சை நெருக்கிப் படுக்க வைங்க. தீ இந்த மேடை மேலதான். ஓடைக்கல் பக்கத்துலயே வேண்டாம். உள்ள ஊறின தண்ணி ஆவியாகிக் கல் வெடிச்சுத் தெறிக்கும்.

ஒருத்தர் கோடாரி எடுக்கட்டும். இருக்கிறதுலயே கனம் கம்மியான கட்டையா நாலு பொறுக்குங்க. ரெண்டை ஒண்ணோட ஒண்ணு தட்டினா கணீர்னு கேக்கணும், மொத்துன்னு கேட்டா அது ஊறினது. பட்டையை உரிச்சுத் தூரப் போடுங்க. சீகைப் பட்டை தண்ணியைப் பஞ்சு மாதிரி பிடிச்சு வச்சிருக்கும். நாலாப் பிளந்து, உள்பக்கத்தைக் கன்னத்துல வச்சுப் பாருங்க. சில்லுனு ஈரமா ஒட்டலன்னா மழை உள்ள இறங்கல, பிழைச்சீங்க. சும்மா நாலா எட்டாப் பிளக்கிறதோட நிறுத்தாம ஈர்க்கு, பென்சில், கட்டைவிரல், மணிக்கட்டுன்னு நாலு தடிமன்ல வெட்டணும். ஈர்க்கும் பென்சிலும் ரெண்டு கையாலயும் சேர்த்துப் பிடிக்கிற கட்டு ஒவ்வொண்ணு. எல்லாரும் கோட்டை விடுறது இந்த நடு அளவுலதான்: பேப்பர்ல இருந்து நேரா தொடைக் கட்டைக்குத் தாவுவாங்க.

ஏழெட்டுக் குச்சியை முழுசா வெட்டாம கத்தியால சுருள் சுருளாச் சீவி, சீவல் குச்சியிலயே ஒட்டிக்கிட்டு இருக்கிற மாதிரி விடுங்க. காஞ்ச உள்மரத்துல சீவினா பேப்பரைவிட நல்லாப் பிடிக்கும்.

அடுப்பூதி | 6:12
சமையலறையில கொட்டாங்குச்சி இருக்கும், பத்து எடுத்துக்கோங்க, கூடவே காஞ்ச தேங்காய் நார். மழையில நனையாத ஒரே பொருள் அங்கதான் இருக்கு. ஒரு கொட்டாங்குச்சியில நார், மெழுகுவர்த்தித் துண்டு ரெண்டு, கற்பூரம் நாலு கட்டி. கற்பூரம் சீக்கிரம் பிடிக்கும், சீக்கிரம் தீரும். மெழுகு மெதுவாப் பிடிச்சுப் பத்து நிமிஷம் நிக்கும். ரெண்டும் சேர்ந்தா ஓடு பத்துற வரைக்கும் தாங்கும். ஓடு பத்திட்டா அந்தச் சூட்டுல ஈரக் குச்சியும் பிடிக்கும். பஞ்சுல வாசலின் தடவி வச்சாலும் அதே வேலை.

அடுக்கும்போது மணிக்கட்டு அளவை அடியில குறுக்கும் நெடுக்குமா, விரல் இடைவெளி விட்டு, மேல போகப் போக மெல்லிசு. உச்சியில பத்த வைங்க. கங்கு கீழ விழுந்து அடுத்த அடுக்கைக் காய வச்சுகிட்டே இறங்கும், ஈரத் தரைப் பக்கம் தீ கடைசியாத்தான் வரும்.

சுள்ளிக்கட்டு | 6:15
அதை நான் ஒத்துக்க மாட்டேன். மேலிருந்து மூட்டுறது எல்லாக் கட்டையும் ஒரே மாதிரி காஞ்சிருந்தா சரி. இங்க அடியில இருக்கிறதுதான் ஈரம், தீ அதுவரைக்கும் இறங்காம நின்னுடும். கூம்பா நிறுத்தி அடியில பத்த வச்சா, ஏறுற சூடு மேல உள்ளதைக் காய வைக்கும்.

அடுப்பூதி | 6:17
கூம்பு எரிஞ்சு சரியும்போது ஈரக் கட்டை சுடர் மேல விழுந்து அமுக்கும். இவர் இடத்துல நாலு மணியில இருந்து நடக்கிறது அதுதான்.

விறகுமண்டி | 6:20
இருவரும் சொல்லாமல் விட்டது: காற்று. அந்த உயரத்தில் சமவெளியைவிடக் காற்று அடர்த்தி குறைவு, மூடுபனியில் அசைவும் இல்லை. ஒரு முழ நீள இரும்புக் குழாயை ஊதாங்குழலாக வைத்துச் சுடரை அல்ல, அதன் அடியில் உள்ள கங்கை நீளமாக, மெதுவாக ஊதுங்கள். மற்ற கட்டைகளைத் தீயைச் சுற்றி ஒரு சாண் தள்ளி நிறுத்தினால் பிளந்த முகம் காய்ந்துகொண்டே இருக்கும். கட்டை போதவில்லை என்று காட்டுக்குள் போய் ஒடிக்காதீர்கள், வனச்சட்டப்படி குற்றம்.

கோடநாடு ரோடு | 6:24
தூறல் திரும்புது இங்க. தார்ப்பாய் கட்டுறதா இருந்தா தீக்கு நேர் மேல வேண்டாம், காத்து வர்ற பக்கமாச் சாய்ச்சு, ஆள் உயரத்துக்கு மேல. நைலான்னா பொறி பட்டாலே ஓட்டை.

நீலச்சுடர் | 6:50
என்ன ஆச்சு ப்ரோ?

ராத்தங்கல் | 7:34
யாராவது பேசினீங்களா?

பனிமூட்டம் | 9:47
எரியுது. பிளந்ததும் உள்ள காஞ்சிருந்தது, ஆறுல ரெண்டு கட்டை மட்டும் ஊறினது. தகரம் போட்டு, கொட்டாங்குச்சி வச்சு மேல இருந்து மூட்டினோம். எல்லாருக்கும் நன்றி.

சுள்ளிக்கட்டு | 9:52
மேல இருந்தா! சரி. தூங்கப் போறதுக்கு முன்னாடி ரெண்டு குடம் தண்ணி ஊத்தி, குச்சியால கிளறி, மறுபடி ஊத்துங்க. புறங்கையைக் கிட்டக் கொண்டுபோனா சூடே தெரியக் கூடாது. மிச்சக் கட்டையைப் பிளந்து அடுப்படிக் கூரைக்கு அடியில அடுக்கிடுங்க, நாளைக்கும் மழைதான்.

விறகுமண்டி | 10:05
எந்த மண்டியில் வாங்கினீர்கள் என்று இன்னும் சொல்லவில்லை. வெட்டி எத்தனை மாதம்?

கோடநாடு ரோடு | 10:11
பேர் வேண்டாம் சார், விடுங்க. அடுத்த தடவை கற்பூரம் வாங்கட்டும்.