முதல் முறையாக நானே கம்ப்யூட்டர் சேர்க்கிறேன்: இந்தப் பட்டியலில் எது எதோடு சேராது?

காலண்டர்க்காரி, சிவகாசி:

வணக்கம். அச்சகங்களுக்குக் காலண்டர், கல்யாணப் பத்திரிகை, பட்டாசுப் பெட்டி லேபிள் எல்லாம் வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். என்னிடம் இருப்பது 2012-இல் வாங்கிய கம்ப்யூட்டர்: இரண்டாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், விண்டோஸ் 7. போட்டோஷாப்பில் ஒரு முருகன் படத்தைத் திறந்து பின்னணியை மாற்றச் சொல்லிவிட்டு, எழுந்துபோய் உலை வைத்து அரிசி களைந்து போட்டுவிட்டு வரலாம். வந்து பார்த்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியாகும். அதற்கு முன் எண்பது படங்களை முடித்தாக வேண்டும். உலை வைக்கும் வேகத்தில் வேலை பார்த்தால் ஆடி அல்ல, ஐப்பசி வந்துவிடும்.

முன்பெல்லாம் அண்ணன் மகன் வந்து பார்த்துக்கொடுப்பான். அவன் ஓசூரில் வேலைக்குப் போய்விட்டான். மிக்ஸிக்கு கார்பன் பிரஷ் மாற்றுவதும், தையல் மெஷினைப் பிரித்து எண்ணெய் போடுவதும் நான்தான். அந்தத் துணிச்சலில் பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நானே சேர்ப்பதென்று முடிவு செய்துவிட்டேன்.

பட்டியல் இதுதான்: ரைசன் 5 5600 பிராசசர். பி450 சிப்செட் உள்ள மைக்ரோ ஏடிஎக்ஸ் மதர்போர்டு. 16 ஜிபி டிடிஆர்5 ரேம் ஒன்று (நான்கைவிட ஐந்து புதியது என்றார்கள்). 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (போர்டிலேயே செருகும் வேகமான சேமிப்பகம்). கிராபிக்ஸ் கார்டு வாங்கவில்லை. மதர்போர்டின் பின்பக்கமே எச்டிஎம்ஐ இருக்கிறதே. பழையதிலிருந்து எடுத்துக்கொள்ள நினைப்பவை: கேபினட், அதோடு வந்த எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் கொடுக்கும் பெட்டி), இரண்டு ஹார்ட் டிஸ்க், 600 விஏ யூபிஎஸ், விஜிஏ மானிட்டர்.

கடைக்காரர் பட்டியலைப் பார்த்ததும் "எல்லாம் சேரும் மேடம்" என்றார். அவர் சொன்ன வேகம்தான் எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. முகூர்த்தத் தேதியைச் சரிபார்க்கச் சொன்னால், பத்திரிகையைக் கையில் வாங்கும் முன்பே "சரியாக இருக்கிறது" என்று சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எது சேராது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருப்புளி, கோவில்பட்டி:

தங்கச்சி, சந்தேகப்பட்டது நல்லதாகப் போயிற்று. மூன்று இடத்தில் முட்டுகிறது.

முதலாவது ரேம். ரைசன் 5 5600 உட்காருவது ஏஎம்4 என்ற சாக்கெட்டில் (போர்டில் பிராசசர் பொருந்தும் இடம்). அந்தச் சாக்கெட்டுக்கு டிடிஆர்4 மட்டும்தான். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்தான், நீளமும் ஒன்றுதான். ஆனால் நடுவில் வெட்டியிருக்கும் பள்ளம் சற்றுத் தள்ளி இருக்கும். செருகும்போது நுழையவில்லை என்றால் அழுத்தாதீர்கள். அந்தப் பள்ளத்தை வைத்ததே நம்மைத் தடுக்கத்தான். 16 ஜிபி ஒன்று வாங்குவதைவிட ஒரே பெட்டியில் வரும் ஜோடியாக வாங்குங்கள். உங்கள் வேலைக்கு 16 இரண்டு, மொத்தம் 32. போர்டில் நான்கு வரிசை இருந்தால் பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும்.

இரண்டாவது, படம். ரைசன் 5 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது. போர்டின் பின்னால் இருக்கும் எச்டிஎம்ஐ வெறும் வாசல். வீடு பிராசசருக்குள் இருக்க வேண்டும். ரைசன் 5 5600ஜி வாங்குங்கள். கடைசியில் இருக்கும் அந்த 'ஜி'தான் வீடு. அதே ஆறு கோர், அதே 65 வாட். பிராசசருக்குள் இருக்கும் வேக நினைவகமான எல்3 கேஷ் 32 எம்பிக்குப் பதில் 16 எம்பி. எஸ்எஸ்டி நான்காம் தலைமுறையாக இருந்தாலும் மூன்றாம் தலைமுறை வேகத்தில்தான் ஓடும். உலை வைத்துவிட்டு வருகிறவருக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படாது. ஒன்று மட்டும்: கிராபிக்ஸுக்கான நினைவகத்தை அது ரேமிலிருந்துதான் கடன் வாங்கும். ரேமை ஜோடியாகப் போடச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்றாவதுதான் என்னைக் கடித்த பாம்பு. பி450 போர்டு 2018-இல் வந்தது. 5600ஜி கடைக்கு வந்தது 2021-இல். சாக்கெட் ஒன்றுதான், பிராசசர் அழகாக உட்காரும். ஆனால் போர்டின் பயாஸ் (கம்ப்யூட்டரை எழுப்பும் மென்பொருள்) பழையதாக இருந்தால் அதற்கு இந்தப் பிராசசரை அடையாளம் தெரியாது. நான் இதே ஜோடியை வாங்கி வந்து சேர்த்தேன். மின்விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கருப்பு. மூன்று நாள் ரேமைக் கழற்றி மாட்டினேன். கடைசியில் சிநேகிதர் ஒருவரின் பழைய ரைசன் 3-ஐ இரவல் வாங்கிப் போட்டு, பயாஸைப் புதுப்பித்த பிறகுதான் உயிர் வந்தது.

அதில் ஒரு கிளைக்கதை. என் பிராசசரைக் கழற்ற, கூலரை நேராக மேலே இழுத்தேன். நடுவில் இருக்கும் வெப்பப் பசை இறுகியிருந்ததால் பூட்டிய சாக்கெட்டிலிருந்து பிராசசரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. ஏஎம்4-இல் பின்கள் பிராசசரின் அடிவயிற்றில் இருக்கும். ஓரத்தில் இரண்டு பின் சாய்ந்துவிட்டன. மெக்கானிக்கல் பென்சிலின் குச்சியை எடுத்துவிட்டு, அந்த வெற்று முனையைப் பின்னின் மேல் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன். நாற்பது வருடம் டிவி பழுது பார்த்த கை நடுங்கியது அன்றைக்குத்தான். கூலரைக் கழற்றும்போது இடம் வலமாகத் திருகி, பசை விட்டுக்கொடுத்த பிறகே தூக்க வேண்டும்.

பெட்டியில் 'ரைசன் 5000-க்குத் தயார்' என்ற ஸ்டிக்கர் ஒட்டிய போர்டு, அல்லது பென்டிரைவிலிருந்தே பயாஸை மாற்றும் பொத்தான் பின்னால் உள்ள போர்டு வாங்குங்கள். பி550 என்றால் இந்தத் தொல்லை குறைவு, ஆனாலும் கேட்டுவிடுங்கள். போர்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலுக்கான பிராசசர் பட்டியல் இருக்கும். எந்தப் பிராசசருக்கு எந்த பயாஸ் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். கடைக்காரர் வாயைவிட அந்தப் பக்கத்தை நம்பலாம். அங்கேயே கையேட்டையும் இறக்கி, எஸ்எஸ்டி செருகும் எம்.2 வாயைப் பற்றிய பக்கத்தைப் படியுங்கள். சில போர்டுகளில் எம்.2-இல் எஸ்எஸ்டி போட்டால் இரண்டு சாட்டா வாய்கள் அடைபட்டுவிடும். உங்கள் ஹார்ட் டிஸ்க்குகளை மீதி வாய்களில் மாட்ட வேண்டியிருக்கும்.

அடுத்தசாக்கெட், சென்னை:

அக்கா, அண்ணாச்சி சொன்னதெல்லாம் சரி. ஆனால் இப்போது போய் ஏஎம்4 எதற்கு? 2022-இலேயே ஏஎம்5 வந்துவிட்டது. ரைசன் 5 7600 வாங்கினால் அதற்குள்ளேயே எளிய கிராபிக்ஸ் இருக்கிறது, டிடிஆர்5-உம் சேரும். நாளைக்குப் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ரிச்சி தெருவில் இரண்டு மூன்று கடை ஏறி இறங்கினால் விலையும் படியும்.

காலண்டர்க்காரி:

தம்பி, கடைசியாக மாற்றி 13 வருடம் ஆகிறது. அடுத்த முறை மாற்றும்போது ஏஎம் எத்தனையாவது ஓடிக்கொண்டிருக்குமோ! போர்டுக்கும் ரேமுக்கும் கூடக் கொடுக்கும் பணத்தை மானிட்டரில் போடுகிறேன். பழைய விஜிஏ திரையில் மஞ்சளும் சந்தனமும் ஒரே நிறமாகத் தெரிகிறது; அச்சில் வந்த பிறகு அம்மனுக்குக் காமாலை வந்ததுபோல் இருக்கிறது என்று திட்டு வாங்கியிருக்கிறேன்.

அண்ணாச்சி, 5600ஜி-க்கு மாறிவிட்டேன். புது மானிட்டர் வரும்வரை பழையதை மாட்ட, விஜிஏ வாயும் உள்ள போர்டாகப் பார்த்திருக்கிறேன். பெட்டியில் ஸ்டிக்கர் இருக்கிறது, என் கண்ணால் பார்த்தேன். இன்னொரு சிக்கல். என் தமிழ் எழுத்துரு மென்பொருளுக்கு ஒரு பூட்டு உண்டு. பழைய பிரிண்டர் ஒயர் மாட்டும் 25 பின் வாயில் செருக வேண்டும். புது போர்டின் பின்னால் அந்த வாயே இல்லை. யூஎஸ்பிக்கு மாற்றும் ஒயர் விற்கிறார்களே, அது போதுமா?

இருட்டுக்கடை, மதுரை:

பூட்டைப் பற்றித் திருப்புளி அண்ணன் சொல்லட்டும். யாருமே எஸ்எம்பிஎஸ்ஸைத் தொடவில்லையே! அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளில், 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

காலண்டர்க்காரி:

பெரிய எழுத்தில் 450 வாட். 12 வோல்ட்டுக்கு நேரே, எறும்பு எழுத்தில், 14 ஆம்பியர்.

இருட்டுக்கடை, மதுரை:

12-ஐ 14-ஆல் பெருக்கினால் 168. இன்றைய கம்ப்யூட்டர் தின்பது பெரும்பாலும் 12 வோல்ட்டைத்தான். ஆக உங்களிடம் இருப்பது 450 வாட் சட்டை போட்ட 168 வாட் ஆள், அதுவும் 13 வயது ஆனவர். கிராபிக்ஸ் கார்டு இல்லாத 5600ஜி முழு மூச்சில் ஓடினாலும் 150 வாட்டைத் தாண்டுவது அரிது என்பதால் ஒருவேளை ஓடும். ஆனால் உள்ளே கெபாசிட்டர் காய்ந்திருக்கும். அது போகும்போது தனியாகப் போகாது, போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போகும். 80 பிளஸ் முத்திரை (மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்ற சான்று) உள்ள 450 வாட் ஒன்று புதிதாக வாங்குங்கள்.

அதில் எட்டுப் பின் ஒயர் இரண்டு விதமாக வரும். நான்கும் நான்குமாகப் பிரிவது பிராசசருக்கு. ஆறும் இரண்டுமாகப் பிரிவது கிராபிக்ஸ் கார்டுக்கு. மாற்றிச் செருக முயலாதீர்கள்.

600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் தாங்கும், அளவில் சிக்கல் இல்லை. ஆனால் ஆக்டிவ் பிஎஃப்சி (மின் இழுப்பைச் சீராக்கும் சுற்று) உள்ள சில எஸ்எம்பிஎஸ்கள், சாதாரண யூபிஎஸ் பேட்டரிக்கு மாறும் கணத்தில் அணைந்துவிடும். மாட்டியதும் படம் எதையும் திறக்காமல், பிளக்கைப் பிடுங்கி ஒரு முறை சோதித்துவிடுங்கள். எனக்கு அப்படித்தான் ஒரு மாலை வேலை போயிற்று.

பழைய கேபினட் தாராளமாகச் சேரும். ஏடிஎக்ஸ் அளவு 1995-இலிருந்து அப்படியே இருக்கிறது, திருகு ஓட்டைகள் மாறவில்லை. பழைய போர்டைக் கழற்றியதும் அடியில் இருக்கும் பித்தளைக் கால்களை மட்டும் எண்ணுங்கள். புது போர்டில் ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு கால் மிஞ்சி நின்றால், அது போர்டின் முதுகில் குத்தி ஷார்ட் ஆகும்.

திருப்புளி, கோவில்பட்டி:

தங்கச்சி, யூஎஸ்பி மாற்று ஒயர் பிரிண்டருக்காகச் செய்தது. பூட்டுக்கு அது ஆகாது. போர்டில் செருகும் 25 பின் கார்டும் கிடைக்கும். ஆனால் பழைய பூட்டுகள் வாயை ஒரு குறிப்பிட்ட முகவரியில்தான் தேடும், புதுக் கார்டு வேறு முகவரியில் உட்காரும். எழுத்துரு விற்றவரிடம் பழைய பூட்டைக் கொடுத்து யூஎஸ்பி பூட்டு மாற்றித் தருவாரா என்று கேளுங்கள். அதுவரை பழைய பெட்டியைக் கலைக்காதீர்கள். தமிழ் எழுத்தை அதில் அடித்து, கோரல்டிராவில் கர்வ்ஸாக மாற்றி, பென்டிரைவில் கொண்டுவந்துவிடலாம். எழுத்து வெறும் கோடாகிவிட்டால் எந்தப் பூட்டும் கேட்காது.

அதனால் புதுக் கேபினட் ஒன்று வாங்க வேண்டியிருக்கும். விலை குறைந்ததே போதும், எஸ்எம்பிஎஸ் இல்லாமல் வாங்குங்கள்.

கூலரைப் பற்றி ஒரு வார்த்தை. 5600ஜி பெட்டியில் வரும் கூலருக்கு நான்கு ஸ்பிரிங் திருகுகள். அதை மாட்டும் முன் போர்டில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் தாங்கிகளைக் கழற்ற வேண்டும். கழற்றிய மறுகணம் பின்னால் இருக்கும் தகடு பிடிப்பில்லாமல் கழன்று விழும். பயந்துவிடாதீர்கள், அது அப்படித்தான். போர்டைக் கேபினட்டில் வைப்பதற்கு முன்பே, மேசையில் படுக்கவைத்து இந்த வேலையை முடித்துவிடுங்கள். திருகுகளைக் குறுக்கு மூலையாக, இரண்டிரண்டு சுற்றாக முடுக்குங்கள். பசை ஏற்கெனவே தடவி வந்திருக்கும், விரலால் தொட வேண்டாம்.

காலண்டர்க்காரி:

நேற்று இரவு சாப்பாட்டு மேசையில் சேர்த்தேன். தகடு கழன்று விழுந்தது. நீங்கள் சொல்லியிருந்ததால் கத்தவில்லை. ரேமை அழுத்தும்போது 'டக்' என்று வந்த சத்தத்துக்குத்தான் உடைத்துவிட்டேனோ என்று வயிறு கலங்கியது. முதல் முறையே திரையில் படம் வந்துவிட்டது, 32 ஜிபியும் காட்டுகிறது. பயாஸில் ரேம் வேகம் 2400 என்று இருந்தது. எக்ஸ்எம்பி என்று ஒன்று இருந்ததை இயக்கினேன், பெட்டியில் போட்டிருந்த 3200 வந்துவிட்டது. பிளக்கைப் பிடுங்கியும் பார்த்தாயிற்று, அணையவில்லை. முருகன் படத்தின் பின்னணியை மாற்றச் சொல்லிவிட்டு எழுந்தேன், திரும்பவும் உட்கார வேண்டியதாகிவிட்டது.

எழுத்துருக்காரர் வெள்ளிக்கிழமை பதில் சொல்கிறேன் என்றிருக்கிறார். ஒரு குறைதான். கேபினட்டின் முன்னால் பச்சை விளக்கு எரிகிறது, பக்கத்தில் இருக்கும் சிவப்பு ஹார்ட் டிஸ்க் விளக்கு எரியவில்லை. எஸ்எஸ்டி போட்டால் அது எரியாதா?

திருப்புளி, கோவில்பட்டி:

பழைய ஹார்ட் டிஸ்க்குகளில் ஒன்றையாவது மாட்டியிருந்தால் எரிய வேண்டும். சுவிட்ச் ஒயருக்குத் திசை கிடையாது, விளக்கு ஒயருக்கு உண்டு. அணைத்துவிட்டு, அந்த ஒன்றை மட்டும் உருவித் திருப்பிச் செருகுங்கள்.

காலண்டர்க்காரி:

எரிகிறது.