இஸ்தான்புல்லின் உயர்தரத் துருக்கிய உணவகங்கள்: உண்டு வந்தவர்களின் அனுபவங்கள்

தொடக்கப் பதிவு

நண்பர்களுக்கு வணக்கம். கடந்த அக்டோபரில் நானும் என் மனைவியும் இஸ்தான்புல்லில் ஒன்பது நாள்கள் தங்கியிருந்தோம். திருமணமாகி 25 ஆண்டுகள் நிறைந்ததை ஒட்டிய பயணம் என்பதால், ஓர் இரவு மட்டும் செலவைப் பாராமல், நகரத்தின் உயர்தர உணவகம் ஒன்றில் பல சுற்றுகளாகப் பரிமாறும் விருந்தை உண்பது என்று தீர்மானித்து, ஆறு வாரங்களுக்கு முன்பே மேசையைப் பதிவு செய்திருந்தோம். உணவகம் பெயோலு பகுதியில், பழைய கல் கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் இருந்தது. பருவந்தோறும் உணவுப் பட்டியலை மாற்றிவிடுவார்கள் என்பதால், இன்று அங்கே செல்பவருக்கு நாங்கள் உண்டவை கிடைக்காமல் போகலாம். ஆகவே பெயரை விட்டுவிட்டு உண்டதைப் பற்றியே எழுதுகிறேன்.

அந்த விருந்தைப் புரிந்துகொள்ள எங்களுக்கு உதவியது அன்றைய பகல் உணவுதான். இரவு எங்கே செல்கிறோம் என்று கேட்டறிந்த எங்கள் விடுதி அம்மையார், பகலில் ஓர் எஸ்னாஃப் லொகாந்தாவில் சாப்பிட்டுவிட்டுத்தான் அங்கே போக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கடைக்காரர்களும் தொழிலாளர்களும் மதிய உணவுக்கு வரும் எளிய சாப்பாட்டுக் கடைகளுக்கு அங்கே அந்தப் பெயர். கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக ஆவி பறக்கும் தட்டங்களில் சமைத்த உணவு இருக்கும்; மொழி தெரியாவிட்டாலும் விரலால் சுட்டிக் காட்டினால் அள்ளி வைத்துவிடுவார்கள். வெள்ளைப் பயறு வகையைத் தக்காளியில் வேகவைத்த குரு ஃபசுல்யே, வெண்ணெய் மணக்கும் பிலாவ், தார்ஹானா சூப், ஊறுகாய் ஆகியவற்றை உண்டோம். அவற்றுள் தார்ஹானா இரவிலும் எங்கள் தட்டுக்கு வந்தது. பகலில் உண்டிராவிட்டால், இரவில் வந்தது எதிலிருந்து எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்பது எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

துருக்கிய உயர்தர உணவகம் என்றதும் நான் மனத்தில் வைத்திருந்தது பெரிய இறைச்சித் துண்டும் பக்லாவாவும்தான். மேசைக்கு வந்தவையோ பெரும்பாலும் துருக்கியின் ஆசியப் பகுதியான அனத்தோலியாவின் கிராமங்களில் குளிர்காலத்துக்காகக் காயவைத்தும் புளிக்கவைத்தும் சேமிக்கும் பொருள்கள். முதலில் சியெஸ் என்னும் பழங்கோதுமையில் செய்த ரொட்டி வந்தது. கஸ்தமோனு பகுதியில் இன்றும் பயிராகும் அந்தக் கோதுமைக்குச் சற்றே கொட்டைப் பருப்பின் மணம் உண்டு. அடுத்து ஒரு சிறு கிண்ணத்தில் தார்ஹானா. மாவையோ குருணையையோ தயிருடன் பிசைந்து, மிளகாய், தக்காளி, வெங்காயம் சேர்த்துச் சில நாள்கள் புளிக்கவிட்டு, துணியில் பரப்பி உலர்த்தி உதிர்த்து வைத்துக்கொள்வது அதன் பொதுவான முறை. மராஷ் நகரத்தில் மட்டும் அதை மெல்லிய தகடுகளாகக் காயவைத்து அப்படியே கடித்துத் தின்பார்களாம். எங்களுக்குச் சூப்பும் தகடும் சேர்ந்தே வந்தன. தகட்டை ஒடித்து வாயில் போட்ட என் மனைவி, சிறிது நேரம் மென்றுவிட்டு, "இது எங்கள் அம்மா மாடியில் பிழிந்து காயவைக்கும் கூழ் வடகம்தான்" என்றார். புளிப்பும் உப்பும் மொறுமொறுப்பும் எனக்கும் அதையேதான் நினைவூட்டின.

மூன்றாவதாக வந்தது உலர்ந்த கத்தரிக்காய் டொல்மா. உள்ளே திணித்துச் சமைக்கும் உணவுக்கு டொல்மா என்று பெயர். கோடையில் கத்தரிக்காயைக் குடைந்து, கூடுகளை நூலில் கோத்து வெயிலில் தொங்கவிடுவது காஸியான்தெப் பக்கத்து வழக்கம். மிஸிர் சார்ஷி மசாலாச் சந்தையில் அந்த மாலைகளை முந்தைய நாள்தான் பார்த்திருந்தோம். வெந்நீரில் மீண்டும் மென்மையாக்கிய கூட்டுக்குள் குருணைக் கோதுமையும் அரைத்த இறைச்சியும் திணித்து, மாதுளைச் சாற்றைக் காய்ச்சிச் சுண்டவைத்த கரும்புளிப்பை மேலே தடவியிருந்தார்கள். கட்டைவிரல் அளவில் ஒன்றே ஒன்றுதான் தந்தார்கள். பச்சைக் கத்தரிக்காயில் கிடைக்காத ஓர் இறுகிய சுவை வற்றலில் உண்டு என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தச் சுவையை மறைக்காமல் முன்னால் நிறுத்தியதில்தான் அந்தச் சமையல்காரரின் திறமையைக் கண்டேன்.

மீன் சுற்றில் லுஃபெர் வந்தது. இலையுதிர் காலத்தில் பாஸ்ஃபரஸ் நீரிணை வழியாக இறங்கிவரும் இம்மீனை இஸ்தான்புல்வாசிகள் மிகவும் போற்றுகிறார்கள். அளவு கூடக்கூட அதற்குப் பெயரும் மாறுகிறது: மிகச் சிறியது பிரிஞ்சி இலை என்று பொருள்படும் தெஃப்னே யாப்ராக்கி, அதன்பின் சினெகொப், சாரிகனாட், முழு வளர்ச்சியில் லுஃபெர், மிகப் பெரியது கொஃபானா. சிறியவற்றைப் பிடிப்பதால் இனமே அருகிவருகிறது என்று நகரத்தில் ஓர் இயக்கமே நடந்திருப்பதையும், தாம் முழு வளர்ச்சி அடைந்ததை மட்டுமே வாங்குவதையும் பரிமாறிய இளைஞர் பெருமையோடு சொன்னார். உப்பும் நெருப்பும் தவிர அந்த மீனுக்கு வேறொன்றும் சேர்த்திருக்கவில்லை.

ஆட்டிறைச்சியும் கெஷ்கெக்கும் அடுத்து வந்தன. கோதுமையையும் இறைச்சியையும் நெடுநேரம் வேகவைத்து இடித்துக் குழைக்கும் கெஷ்கெக் கிராமத் திருமணங்களில் ஊரே கூடிச் சமைப்பது. 2011-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. சுவை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அந்த நேரத்தில் எங்களுக்கு வயிறு நிறைந்துவிட்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு மிகவும் பிடித்த சுற்று வந்தது. சிறு கோப்பையில் புளிப்பான பாம்யா சூப், அதாவது வெண்டைக்காய் வற்றல் சூப். கொன்யா நகரத் திருமண விருந்துகளில், கனமான இறைச்சி உணவுகளுக்கு நடுவே நாவைத் துலக்குவதற்காக இதைப் பரிமாறுகிறார்கள். பூ உதிர்ந்த சில நாள்களிலேயே பறித்த, நகக்கண் அளவே உள்ள பிஞ்சுகளை நூலில் கோத்து உலர்த்திச் சமைப்பார்கள். வழவழப்பு துளியும் இல்லை; எலுமிச்சையின் புளிப்பு நேராக நாக்கில் ஏறியது. இனி ஒரு வாய்கூட உண்ண முடியாது என்றிருந்த எனக்கு அந்தக் கோப்பைக்குப் பிறகு மீண்டும் பசித்தது.

இனிப்பாகப் பூசணிக்காய் வந்தது. ஹதாய் பகுதியில் அதைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்துக் கழுவிய பின் பாகில் காய்ச்சுவதால், வெளிப்புறம் கண்ணாடிபோல் உடைகிறது, உட்புறம் தேன்போல் இருக்கிறது. மேலே எள் விழுதும் அக்ரூட்டும் தூவியிருந்தார்கள். நாங்கள் மது அருந்துவதில்லை என்று முன்பே சொல்லியிருந்ததால், சுற்றுகளுக்கு இடையே பழைய முறைச் சர்பத்துகள் வந்துகொண்டே இருந்தன. கரும்பழுப்பு நிறத்தில் கிராம்பு மணத்தோடு இருந்த ஒன்றை இருவரும் ஒரே நேரத்தில் அடையாளம் கண்டோம். அது புளி. துருக்கியில் அதற்குத் தெமிர்ஹிந்தி என்று பெயர். இந்தியப் பேரீச்சை என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது.

மூன்றரை மணி நேரத்துக்குப் பின் எழுந்தபோது சமையல்காரரே சமையலறை வாயிலில் நின்றிருந்தார். விடுதி அம்மையார் சொல்லிக்கொடுத்திருந்தபடி, "எலினிஸே சாலிக்" என்றேன். உங்கள் கைகள் நலமாக இருக்கட்டும் என்று பொருள். சமைத்தவரிடம் அங்கே இப்படித்தான் சொல்ல வேண்டும். அவர் நெஞ்சில் கைவைத்துத் தலை தாழ்த்தியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இப்படிப்பட்ட இடங்களில் உண்ட மற்றவர்களும் எழுதினால் மகிழ்வேன். குறிப்பாக, மரக்கறி உண்பவர்களின் அனுபவத்தை அறிய விரும்புகிறேன்.

மறுமொழி: கோயம்புத்தூரிலிருந்து ஓர் உறுப்பினர்

ஐயா, மரக்கறி பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். பாஸ்ஃபரஸ் கரையில் உள்ள ஓர் உயர்தர உணவகத்துக்கு என் அம்மாவை அழைத்துச் சென்றிருந்தேன். இறைச்சி, மீன் இரண்டும் கூடாது என்று பதிவு செய்யும்போதே எழுதியிருந்தேன். அமர்ந்ததும் மீண்டும் சொன்னேன். தொடக்கத்தில் வந்தவை அருமையாக இருந்தன. ஆலிவ் எண்ணெயில் மெதுவாக வேகவைத்து ஆறிய பிறகு பரிமாறும் காய்கறிகளுக்கென்றே ஸெய்தின்யாலி என்று தனி வகை துருக்கிய உணவில் உண்டு. அவரைப் பருப்புடன் வந்த கூனைப்பூவையும், வெங்காயமும் தக்காளியும் பூண்டும் நிறைத்த இமாம் பயில்தி கத்தரிக்காயையும் அம்மா மிகவும் விரும்பி உண்டார்.

தவறு இனிப்பில் நேர்ந்தது. அடிப்புறம் கருகிச் சிவந்த வெண்ணிறப் பால் இனிப்பு ஒன்றை வைத்தார்கள். கஸான்திபி என்று பெயர். அம்மா இரண்டு கரண்டி உண்டு, நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான், பரிமாறியவர் தங்கள் உணவகத்தில் அதைப் பழைய அரண்மனை முறையிலேயே செய்வதாக விளக்கினார். அந்த முறையில், கோழியின் நெஞ்சுக்கறியை வேகவைத்து, நாராகப் பிரித்து, பலமுறை அலசி, பாலோடும் சர்க்கரையோடும் கரைத்துவிடுகிறார்கள். கோழியின் மணமோ சுவையோ சிறிதும் தெரியாது. அம்மா கரண்டியைக் கீழே வைத்தார், ஒன்றும் பேசவில்லை. எழுபத்திரண்டு வயதுவரை காத்த ஒரு நெறி, இருமுறை சொல்லியும் இப்படிப் போனதே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. மேலாளர் வந்து மனம் வருந்தி மன்னிப்புக் கேட்டார். பாகில் வெந்த சீமைமாதுளம்பழத்தைக் கொண்டுவந்து வைத்தார். அம்மா அவர் மனம் நோகக் கூடாது என்பதற்காக அதில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டார்.

இன்று பல கடைகளில் கஸான்திபியைக் கோழி சேர்க்காமலே செய்கிறார்கள். ஆனால் பழமையை மீட்டெடுப்பதைப் பெருமையாகக் கருதும் உணவகங்களில்தான் இந்த ஆபத்து கூடுதல். ஆகவே இறைச்சி கூடாது என்று மட்டும் சொல்லாமல், இறைச்சிச் சாறும் கோழிச் சாறும் கூடாது என்றும், இனிப்பில் என்ன சேர்ந்திருக்கிறது என்றும் தனித்தனியாகக் கேளுங்கள். பிலாவைக்கூடப் பல இடங்களில் கோழிச் சாற்றில்தான் வேகவைக்கிறார்கள்.

மறுமொழி: சிங்கப்பூரிலிருந்து ஓர் உறுப்பினர்

தெருவில் முதலில் உண்ண வேண்டும் என்பதை நானும் வழிமொழிகிறேன். சிறந்த உணவகங்களுக்கு விண்மீன் வழங்கித் தரம்பிரிக்கும் மிஷலின் வழிகாட்டி 2022 அக்டோபரில் முதன்முறையாக இஸ்தான்புல்லுக்கு விண்மீன்களை அறிவித்தபோது, சமையல்காரர் ஃபாத்திஹ் துதாக்கின் துர்க் உணவகம் மட்டுமே இரண்டு விண்மீன்களைப் பெற்றது. அங்கே மித்யே டொல்மா வரும். மசாலாச் சோறு திணித்த மட்டியை எலுமிச்சை பிழிந்து தெருவில் நின்றபடியே உண்பார்கள் அல்லவா, அதேதான். ஆனால் அங்கே ஓட்டையும் சேர்த்து உண்ணும்படி செய்திருக்கிறார்கள். முந்தைய மாலை தெருவில் பன்னிரண்டு மட்டிகளை உண்டிருந்த காரணத்தால்தான், ஓட்டைக் கடித்த கணத்தில் எனக்கு அவ்வளவு வியப்பு உண்டாயிற்று.

மறுமொழி: மதுரையிலிருந்து ஓர் உறுப்பினர்

நான் சில ஆண்டுகளுக்கு முன், காரியே தேவாலயக் கட்டடத்தை ஒட்டியிருந்த ஆசித்தானே உணவகத்தில் உண்டேன். 1991-இல் தொடங்கிய அந்த உணவகம் உஸ்மானிய அரண்மனையின் பழைய சமையலறைக் கணக்குகளையும் விருந்துப் பதிவுகளையும் தேடிப் படித்து, அவற்றிலிருந்த உணவுகளை மீண்டும் சமைத்துக் காட்டியது. பட்டியலில் ஒவ்வோர் உணவுக்கும் எதிரே ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும். நான் தேர்ந்தெடுத்தது 1539 என்று குறிக்கப்பட்ட முலாம்பழ டொல்மா. சுல்தான் சுலைமானின் மகன்களான பயஸீத், ஜிஹாங்கீர் ஆகியோரின் சுன்னத் விழா நடந்த ஆண்டு அது. குடைந்த முலாம்பழத்துக்குள் இறைச்சி, அரிசி, பாதாம், பிஸ்தா, உலர்திராட்சை எல்லாம் சேர்த்துச் சுட்டிருந்தார்கள். முதல் வாயில் இனிப்பும் இறைச்சியும் சேர்வது எனக்கு ஒட்டவே இல்லை, மூன்றாம் வாயில் பழகிவிட்டது. தக்காளி, மிளகாய் இரண்டும் அமெரிக்காவிலிருந்து வந்தவை; அந்த அரண்மனைச் சமையலில் அவை இன்னும் இடம்பெற்றிருக்கவில்லை. பழங்களே புளிப்பையும் இனிப்பையும் தந்தன என்று விளக்கினார்கள். நம் மதுரையிலும் அந்த ஆண்டில் மிளகாய் இல்லாத குழம்பைத்தான் உண்டிருப்பார்கள் என்ற எண்ணம் அன்று இரவு முழுவதும் என்னை விடவில்லை.

தொடக்கப் பதிவர் மீண்டும்

எழுதிய அனைவருக்கும் நன்றி. கோயம்புத்தூர் உறுப்பினரின் தாயாருக்கு நேர்ந்ததைப் படித்து வருந்தினேன். இனி யார் என்னிடம் கேட்டாலும் அந்த எச்சரிக்கையை முதலில் சொல்வேன்.

தனிமடலில் இருவர் பாம்யா பற்றிக் கேட்டிருந்தார்கள். புறப்படும் நாளில் மிஸிர் சார்ஷியில் இரண்டு மாலைகள் வாங்கி வந்தோம். உலர்ந்த பிஞ்சுகளை ஒரு துணியில் இட்டுத் தேய்த்து மேலுள்ள சுணையைப் போக்க வேண்டும். பிறகு நூலோடு அப்படியே எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் போட்டு வேகவைக்க வேண்டும். வெந்ததும் நூலின் ஒரு முனையைப் பிடித்து உருவினால் காய்கள் ஒவ்வொன்றாகக் கழன்று பாத்திரத்தில் விழுகின்றன. முதல் மாலையைக் கடைக்காரர் சொன்ன முறையில் சமைத்தோம். இரண்டாவதை என் மனைவி வைத்திருக்கிறார். மகள் விடுமுறைக்கு வரும்போது வற்றல் குழம்பில் போடப் போகிறாராம்.