இரண்டடித் தொட்டியும் ஒரு பழைய ஸ்பாஞ்சும்

கையில் இருக்கும் தொகை சிறியது, அதனால் மீன் வளர்க்கச் சிறிய கண்ணாடிக் கிண்ணம் போதும் என்று நினைக்கிறவர்களுக்காகவே என் அனுபவத்தை எழுதுகிறேன். தொட்டி சிறியதானால் செலவு குறைவதில்லை. மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகி அம்மோனியா ஆகின்றன. ஐந்து லிட்டர் தண்ணீரில் அது வெகு விரைவில் நஞ்சாகிவிடும். ஐம்பது லிட்டரில் கலந்தால் நாம் கவனித்துச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும். என் சித்தி மகள் வீட்டில் கிண்ணத்தில் கோல்டு ஃபிஷ் வைத்திருந்தார்கள். செத்தால் ஒரு ஜோடி, மறுபடியும் செத்தால் இன்னொரு ஜோடி என்று வாங்கிக்கொண்டே இருந்தாள். நல்ல இடம் கிடைத்தால் பத்தாண்டுக்கு மேல் வாழக்கூடிய மீன் அது. குழந்தைகளோ "கோல்டு ஃபிஷ் என்றால் சீக்கிரம் செத்துவிடும்" என்றே பழகிவிட்டார்கள். அதுதான் எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

சென்னையில் சிக்கனமாகத் தொடங்க 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டியைத்தான் சொல்வேன். விளிம்புவரை நிரப்பினால் சுமார் 56 லிட்டர் பிடிக்கும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய தொட்டிகள் கண்ணில் படும். கண்ணாடியில் படிந்த வெள்ளைக் கறையைப் பார்த்து ஒதுக்க வேண்டாம். அது உப்புத் தண்ணீரின் படிவு, எலுமிச்சைச் சாறு போட்டுத் தேய்த்தால் போய்விடும். பார்க்க வேண்டியது மூலைகளில் கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் சிலிக்கோன் பசையை. நகத்தால் மெல்ல நெருடினால் உரிந்து வருகிறதா என்று பாருங்கள். நான் வாங்கி வந்த தொட்டியை மொட்டைமாடியில் சமதளமான இடத்தில், பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் வைத்துத் தண்ணீர் நிரப்பி ஓர் இரவு விட்டேன். விடிந்ததும் ஒரு மூலையில் மட்டும் காகிதம் நனைந்து கறுத்திருந்தது. எங்கே ஒழுகுகிறது என்று தேடவே வேண்டியிருக்கவில்லை. அந்த மூலையில் பழைய சிலிக்கோனைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசினோம். சிலிக்கோன் வாங்கும்போது பூஞ்சைக்கொல்லி கலக்காததாகக் கேட்டு வாங்குங்கள். குளியலறைக்கு விற்பதில் மீனுக்கு ஆகாத மருந்து கலந்திருக்கும். பூசியபின் வினிகர் போன்ற நெடி அடிக்கும். அது முழுவதும் போகும்வரை தொட்டியைத் தொடாதீர்கள்.

தண்ணீர், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 70 கிலோவை நெருங்கும். பிளாஸ்டிக் ஸ்டூலில் வைக்கிற காரியமில்லை. அடியில் ஒரு தெர்மோகோல் அட்டை போட்டால் மேடு பள்ளத்தால் கண்ணாடி விரிசல் விடாது.

உபகரணங்களுக்கு வருகிறேன். ஒரு கடையில் என் கையில் ஹீட்டரையும் திணித்தார்கள். "இது இல்லாமல் மீன் நிற்காது சார்" என்றார் கடைக்காரர். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவருக்கு அது தேவைப்படலாம். சென்னையில் தண்ணீர் பெரும்பாலும் 26 முதல் 30 டிகிரிக்குள்தான் இருக்கிறது. இங்கே பிரச்சினை சித்திரை வெயில்தான். தண்ணீர் சூடேறினால் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். அப்போது மூடியைத் திறந்துவைத்து, நீர்ப்பரப்பின்மேல் காற்று படும்படி மின்விசிறியைத் திருப்பிவிட்டால் சூடு சற்றுத் தணியும். ஹீட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு தண்ணீருக்குள் காற்றைக் குமிழியாக விடும் ஏர் பம்பும், அந்தக் காற்றில் இயங்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் மட்டும் வாங்கினேன்.

அந்தத் தெளிவு கொளத்தூரில் கிடைத்தது. வண்ண மீன் வளர்ப்புக்குப் பெயர்போன பகுதி அது. அங்கே ஒரு பண்ணைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவருடைய தொட்டிகளில் வண்ணக் கல்லும் இல்லை, பொம்மையும் இல்லை. மூலைக்கு மூலை ஸ்பாஞ்ச் ஃபில்டர் மட்டும் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. "அண்ணே, இது மட்டும் போதுமா?" என்று கேட்டேன். "தம்பி, அழுக்கைப் பிடிப்பது இதன் பாதி வேலைதான். மீதி வேலையை இதற்குள் இருக்கும் கிருமி பார்க்கிறது" என்றார். மேலே ஏறும் குமிழி தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த இழுப்பில் தொட்டித் தண்ணீர் ஸ்பாஞ்சின் வழியே ஓடும். ஸ்பாஞ்சில் குடியேறும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை அதைவிடத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும். புதிய தொட்டியில் இந்தக் கூட்டம் பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். புதுத் தொட்டி வாங்கிய வேகத்தில் மீனை விட்டவர்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாகச் சாவது இதனால்தான்.

விடைபெறும்போது அவர் ஒரு தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்சை எடுத்து, அதே தண்ணீரோடு பாலித்தீன் பையில் போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. பழுப்பேறி, மழை பெய்த மண் வாசனையோடு இருந்தது. அதைக் கழுவாமல் என் தொட்டியில் புதிய ஸ்பாஞ்சின் பக்கத்திலேயே வைத்தேன். பாக்டீரியா குடியேறக் காத்திருக்கும் காலம் வெகுவாகக் குறைந்தது. நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் கேட்டு வாங்குங்கள். ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிய வேண்டாம், குளோரின் பட்டால் பாக்டீரியா செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்தால் போதும். மெட்ரோ தண்ணீரையும் ஒரு நாள் வாளியில் வைத்துக் குமிழி விட்டபின் ஊற்றுங்கள். ஏர் பம்பைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே வைப்பது நல்லது; மின்சாரம் நின்றால் குழாய் வழியே தண்ணீர் பின்னோக்கி இறங்கிப் பம்புக்குள் போகாது.

மீன்களில் கப்பியும் மோலியும் எங்கள் உப்பு மிகுந்த போர் தண்ணீரை விரும்பியே ஏற்றுக்கொண்டன. கப்பி குட்டி போடும் வேகத்தைப் பார்த்தால் முதலில் நான்கைந்து வாங்கினாலே அதிகம். செடிக்கென்று தனிச் செலவு செய்யவில்லை. பால்கனியில் இருந்த மணி பிளான்ட்டின் ஒரு கொடியை, வேர் மட்டும் தண்ணீரில் படும்படி தொட்டி விளிம்பில் தொங்கவிட்டேன்; சேரும் நைட்ரேட்டை அது உறிஞ்சிக்கொள்கிறது. மின்கட்டணத்துக்கும் பயப்பட வேண்டாம். 5 வாட் பம்ப் நாள் முழுதும் ஓடினாலும் மாதம் 4 யூனிட்டைத் தாண்டாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் மின்சாரம் போனது போனதுதான். தீனி போடுவதை நிறுத்திவிட்டு, தண்ணீரில் காற்று கலக்கட்டும் என்று டம்ளரால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம். அம்மாவும் முறை வைத்து ஊற்றினார். தொட்டியில் கூட்டம் குறைவாக இருந்ததால் மீன்கள் பிழைத்தன. அதனால், வாங்கியதுபோகக் கொஞ்சம் பணம் மிஞ்சியிருந்தால் வண்ண விளக்குக்கும் பின்னணிப் படத்துக்கும் முன்பாக, பேட்டரியில் ஓடும் ஒரு சிறிய ஏர் பம்பை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.