புரொசெசர் வாங்கப் போன இடத்தில்: திருகோணமலைக்காரர் அனுபவங்கள்

உவர்மலையான்
மத்திய வீதியில் ஒரு கடை, பெயர் வேண்டாம். நான் இன்டெல் ஐ5-12400 புரொசெசர் கேட்டு நிற்கிறேன். பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், உயர்தரம் படிக்கும் பேத்திக்கு டெஸ்க்டொப் வாங்க வந்தவர், அதில் கட்டட வரைபட மென்பொருள் ஓடவேண்டுமாம். கடைப் பையன் அவர் முன்னால் ஐ7-10700 பெட்டியை வைத்து, "சேர், இது ஐ ஏழு" என்றான். விலை என்னுடையதை விடக் கூட. எனக்குப் பொறுக்கவில்லை. "சேர், அது 2020இல் வந்த பத்தாம் தலைமுறை. 2022இல் வந்த இந்த ஐ5 ஒற்றைக் கோர் வேகத்தில் அதைத் தெளிவாக முந்தும். அதன் எட்டுக் கோருக்கு இதில் ஆறு கோர் என்றாலும் மொத்த வேலையிலும் பின்தங்காது" என்றேன். (கோர் என்றால் புரொசெசருக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதி.) மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "தம்பி, கணிதம் படிப்பித்தவன் நான். ஐந்தை விட ஏழு பெரிது." பிறகு விரலை நாக்கில் தொட்டு ஐயாயிரம் ரூபாய்த் தாள்களை எண்ணத் தொடங்கிவிட்டார். அப்போது கடைப் பையன் என்னைப் பார்த்துச் சிரித்தானே ஒரு சிரிப்பு, அதுதான் இன்னும் ஆறவில்லை.

கிண்ணியாக் கரை
12400 என்று கேட்டால் 12400எஃப் பெட்டியை எடுத்து நீட்டுவார்கள், கவனம். எனக்கு அதுதான் நடந்தது. எல்லாம் பூட்டி முடித்து, மதர்போர்ட்டின் எச்டிஎம்ஐ துளையில் வயரைச் செருகினேன். விசிறி சுற்றுகிறது, சிவப்பு விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு. ரேமைக் கழற்றித் துடைத்து மறுபடி பூட்டினேன். அப்போதும் கறுப்பு. உம்மா வாசலில் நின்று, "திரைக்குக் கரண்ட் கொடுத்தாயா மகன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எஃப் போட்டதில் திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் பகுதி உள்ளே கிடையாது, எஃப் இல்லாததில் யுஎச்டி 730 என்ற அந்தப் பகுதி உண்டு. அறிமுக விலையில் இரண்டுக்கும் 25 டொலர்தான் வித்தியாசம். அந்த மிச்சத்தை விடக் கூடக் கொடுத்து ஒரு பழைய ஜிடி 710 கிராபிக்ஸ் கார்டு வாங்கினேன். கடைக்குப் பேசியபோது, "கேட்டிருந்தால் சொல்லியிருப்போமே" என்றார்கள்.

சீனக்குடா ரயிலடி
உவர்மலையான், ஆசிரியருக்கு அந்த ஐ7 வீண் என்றால் நீங்கள் சொன்ன ஐ5உம் வீண்தான். சூம் வகுப்புக்கும் பிடிஎஃப் படிப்பதற்கும் நான்கு கோர் ஐ3-12100 தாராளம்.

என் கதை சிறியது. சித்தப்பா மகன் ஏஎம்டியின் ரைசன் 7 5800எக்ஸ்3டி புரொசெசர் வாங்கி, 96 எம்பி எல்3 கேஷ் (உள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். அவனிடம் இருப்பது ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு. அதே கார்டை என் ரைசன் 5 5600 கணினிப் பெட்டியில் பூட்டி, அதே விளையாட்டை ஓட்டிக் காட்டினேன். திரை மூலையில் ஓடும் பிரேம் எண்ணில் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) சொல்லத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. அவன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "இன்னொரு தரம் ஓட்டு" என்றான்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். யூடியூப் சோதனைகளில் ஆர்டிஎக்ஸ் 4090 போன்ற கார்டைப் பூட்டி 1080பி-இல் ஓட்டுகிறார்கள். கார்டு தடையாக நிற்காமல் புரொசெசர்களின் வித்தியாசம் மட்டும் தெரிவதற்காக அப்படிச் செய்கிறார்கள். நம் வீடுகளில் முதலில் மூச்சு வாங்குவது கார்டுதான். அடுத்தது, புரொசெசரின் விலையைத் தனியாகப் பார்ப்பதில் பயனில்லை. ஏஎம்5 என்ற ஏஎம்டி சொக்கெட் (புரொசெசரைப் பூட்டும் இடம்) உள்ள போர்டு டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும். போர்டையும் ரேமையும் சேர்த்துக் கூட்டினால் கணக்கு வேறு. ஏற்கெனவே பழைய ஏஎம்4 சொக்கெட் கொண்ட பி450 போர்டும் டிடிஆர்4 ரேமும் வைத்திருப்பவர் பயாஸை (போர்டின் உள் மென்பொருளை) புதுப்பித்து 5600ஐப் பூட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். எல்லாவற்றையும் புதிதாக வாங்குகிறவர் ஏஎம்5 பக்கம் போகட்டும். 2027 வரையும் அதற்கு அப்பாலும் அந்த சொக்கெட்டைத் தொடர்வதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது. மிச்சக் காசில் யூபிஎஸ் வாங்குங்கள். கடற்கரைப் பக்கம் வீடு என்றால் பெட்டியை ஜன்னலோரம் வைக்காதீர்கள், உப்புக் காற்று உலோகத்தைத் தின்றுவிடும். வெப்பப் பசையையும்...

சரி, நிறுத்திவிடுகிறேன்.

கல்யாண வீடியோ
சீனக்குடா அண்ணன், 5600 போதும் என்பது விளையாடுகிறவர்களுக்கு. 2022 மின்வெட்டுக் காலத்தில் என் ஸ்டூடியோவில் இருந்திருந்தால் அப்படி எழுதமாட்டீர்கள். அப்போது என்னிடம் ரைசன் 5 2600. மணப்பெண்ணின் அண்ணன் இரவு பஸ்ஸில் கட்டுநாயக்கா விமான நிலையம் போய்க் கனடாவுக்கு ஏறவேண்டும். பென்டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். ரெண்டர், அதாவது வெட்டி ஒட்டிய வீடியோவை ஒரே கோப்பாக்கும் வேலை, 90 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. கரண்ட் போனது. யூபிஎஸ் கொஞ்ச நேரம் கத்திவிட்டு அடங்கியது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பென்டிரைவின் மூடியைப் பூட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

பிறகு கடன்பட்டு என் பி450 போர்டிலேயே ரைசன் 9 5900எக்ஸ் பூட்டினேன். ஆறு கோர் பன்னிரண்டானது. டொலர் 360 ரூபாய்க்குப் போயிருந்த நேரம், வீட்டில் எல்லோரும் பைத்தியம் என்றார்கள். கரண்ட் அட்டவணை போட்டு வந்த அந்த நாட்களில் இரண்டு வெட்டுக்கு நடுவே வேலை முடிகிறதா என்றுதான் நான் பார்த்தேன். ரூபாய்க்கு எத்தனை பிரேம் என்ற கணக்கு எனக்கு உதவவில்லை. யூபிஎஸ் வாங்கு என்று சொல்வது சுலபம் அண்ணன், சிறிய யூபிஎஸ் சேமித்துவிட்டு அணைக்கத்தான் நேரம் தரும்.

உவர்மலையான்
சீனக்குடா, அந்தப் பேத்தி வெறும் பிடிஎஃப் படிக்கிற பிள்ளை இல்லை. கட்டட வரைபட மென்பொருள் ஓடவேண்டும் என்று ஆசிரியரே கடையில் சொன்னார். அந்த வேலை பெரும்பாலும் ஒற்றைக் கோரில் ஓடுவது. அதனால்தான் 12400 என்றேன். நான் எழுதியதை முழுதாக வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

நிலாவெளி மச்சான்
இங்கே வாங்கினால் விலை என்று என் மச்சான் கனடாவிலிருந்து ரைசன் 5 5600 கொண்டுவந்தார், பெட்டி இல்லாமல், சொக்லேட்டுகளுக்கு நடுவே துணியில் சுற்றி. அது ஏஎம்4 சொக்கெட்டுக்கானது, அந்த வகையில் ஊசிகள் புரொசெசரின் அடியில் இருக்கும், மொத்தம் 1331. ஒரு மூலையில் சில ஊசிகள் சாய்ந்து கிடந்தன. மகளின் மெக்கானிக்கல் பென்சிலில் ஈயத்தை எடுத்துவிட்டு, வெற்று முனையை ஒவ்வொரு ஊசியிலும் மாட்டி மெதுவாக நிமிர்த்தினேன். கை நடுங்குகிறது. மச்சானோ தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "எவ்வளவு மலிவு தெரியுமா?" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். நல்ல காலம், ஓடுகிறது. பற்றுச்சீட்டு அங்கே யாரிடம் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

இப்போது மறுபடி வருகிறாராம், என்ன வேண்டும் என்று கேட்கிறார். ஏஎம்5இல் ஊசிகள் போர்டின் பக்கம்தானே, ரைசன் 5 7600 சொல்லிவிடலாமா? கல்யாண வீடியோ, உங்கள் வேலைக்கு அது தாங்குமா?