லாண்டிட்னோவில் ஒரு வார இறுதி: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

கோடைமழை (பர்மிங்காம்)

வணக்கம். செப்டம்பரில் ஒரு வார இறுதிக்கு வட வேல்ஸில் உள்ள லாண்டிட்னோவுக்கு ரயிலில் போகலாம் என்றிருக்கிறோம். நான், மனைவி, ஏழு வயது மகன், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆனால் ஒரு பெஞ்சும் எதிரே கடலும் இருந்தால் நாள் முழுக்க அசையமாட்டார். விக்டோரியா காலத்துக் கடற்கரை நகரம் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் இங்கேதான் போக வேண்டும் என்று அலுவலகத்தில் ஒரு வெல்ஷ் நண்பர் ஆசை காட்டிவிட்டார்.

இப்போதைக்கு யோசித்திருப்பது: சனிக்கிழமை காலை பக்கத்து ஊரான கான்வியில் கோட்டை, மதியம் செப்புச் சுரங்கம், மாலையில் கடற்பாலம் (கடலுக்குள் நீளும் பியர்). ஞாயிறு ஆலிஸ் கதை முயல் சிலைகள், டிராமில் கிரேட் ஓர்ம் மலை உச்சி, கேபிள் காரில் இறக்கம், வீடு. நுழைவுக் கட்டணம், திறக்கும் நேரம் எல்லாம் பார்த்து வைத்திருக்கிறேன். உங்களுக்கு அங்கே என்ன நேர்ந்தது, எது வீணாகத் தோன்றியது என்று சொன்னால் போதும்.

வைகைக்கரை (மான்செஸ்டர்)

தம்பி, முதல் காரியமாக மலையைச் சனிக்கிழமை காலைக்குக் கொண்டுவாருங்கள். அந்த ஊரில் நேர அட்டவணையைப் போடுவது காற்று.

கிரேட் ஓர்ம் என்பது கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சுண்ணாம்புக்கல் மலை. உயரம் 207 மீட்டர்தான், ஆனால் மூன்று பக்கமும் கடல். கீழே கடற்கரையில் தொப்பி தலையில் நிற்கும். மேலே போனால் தொப்பி அயர்லாந்துக்குப் போய்விடும். நாங்கள் இருந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஹேப்பி வேலியில் கேபிள் கார் நிலையத்தின் கதவு சாத்தியிருந்தது. வெயில் பளிச்சென்று அடிக்கிறது, வானத்தில் ஒரு மேகம் இல்லை. முன்னால் நின்ற குடும்பத்தில் இரண்டு பிள்ளைகள் அழுகிற நிலைக்கு வந்துவிட்டார்கள். 1969 முதல் ஓடுகிறது அந்தக் கேபிள் கார். ஏறத்தாழ ஒரு மைல் தூரம், நான்கு பேர் உட்காரும் திறந்த சின்னப் பெட்டிகள். காற்று வலுத்தால் நிறுத்தத்தான் செய்வார்கள். நிறுத்தாவிட்டால்தான் பயப்பட வேண்டும். நாங்கள் முதல் நாளே மேலே போய் வந்திருந்ததால் கவலையின்றிக் காப்பி குடிக்கப் போனோம்.

டிராமைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லாமல் முடியாது. 1902இல் தொடங்கியது. வண்டிக்குள் எஞ்சினே கிடையாது. மலையின் நடுவழியில் ஹாஃப்வே என்ற நிலையம் இருக்கிறது. அங்குள்ள பெரிய உருளைகள் கம்பிவடத்தை இழுக்கின்றன. ஒரு வண்டி ஏறும்போது இன்னொன்று இறங்கும், இரண்டின் எடையும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். கீழ்ப்பாதியில் வடம் தெருவுக்கு அடியில், தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள குறுகிய பிளவுக்குள் ஓடுகிறது. வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே அந்தப் பிளவிலிருந்து ஒரு முனகல் கேட்கும். தெருவின் செங்குத்தைப் பார்த்தால் இதில் டிராமா என்று தோன்றும். வீடுகளை ஒட்டியே ஏறுகிறது. ஒரு வீட்டுச் சன்னலில், கழுவிக் கவிழ்த்த கோப்பைகளிலிருந்து நீர் சொட்டுவதுகூட எனக்குத் தெரிந்தது. ஹாஃப்வேயில் இறங்கி வேறு வண்டிக்கு மாற வேண்டும். மாறுவதற்கு முன் உருளைகள் சுழலும் அறையை மகனுக்குக் காட்டுங்கள். என் பையன் உச்சியில் பார்த்த கடலை மறந்துவிட்டான், அந்த உருளைகளை இன்றும் படம் போடுகிறான்.

உங்கள் அம்மாவுக்கும் டிராம்தான் சரி. வண்டியில் ஏற ஒரு படி உண்டு, கை கொடுத்தால் போதும்.

பனங்காடு (லிவர்பூல்)

ஆடுகளைப் பற்றி இன்னும் யாரும் வாய் திறக்கவில்லையே!

மலையடிவாரத்தில் குடியிருப்புத் தெரு ஒன்றில் நடந்துகொண்டிருந்தேன். எதிரே ஒரு கிடா. வெள்ளை மயிர் முழங்கால் வரை தொங்குகிறது, கொம்பு பின்னால் வளைந்து என் கை நீளம் இருக்கும். ஒரு வீட்டு வேலியை நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்கார அம்மாள் வாசலில் தேநீரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். விரட்டக் கூடாதா என்று கேட்டேன். "விரட்டினால் ரோஜாப் பக்கம் போய்விடும்" என்றார்.

இவை காஷ்மீர் ஆட்டு இனம். விக்டோரியா மகாராணியின் வின்சர் மந்தையிலிருந்து இந்த ஊர் நிலக்கிழாரான மோஸ்டின் பிரபுவுக்கு வந்தவற்றின் வாரிசுகள் என்பது ஊர்க்கதை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து தெருக்கள் காலியானதும் கூட்டமாக இறங்கி ஊரையே சுற்றி வந்தன. உலகச் செய்தியில் எல்லாம் வந்தது. படம் எடுங்கள், பக்கத்தில் போகாதீர்கள், தீனி கொடுக்காதீர்கள். உச்சியில் காணாவிட்டால் கவலைப்பட வேண்டாம், அவை இருக்குமிடம் அவற்றுக்கே தெரியாது.

செம்மண் (லெஸ்டர்)

சுரங்கத்தைப் பற்றி. ஹாஃப்வே நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில்தான் இருக்கிறது. ஆகவே மலையோடு சேர்த்து ஒரே மூச்சில் முடியுங்கள். கீழே இறங்கி மறுபடி ஏறாதீர்கள்.

1987இல்தான் இதன் பழமை வெளியே தெரிந்தது. வாகன நிறுத்துமிடம் அமைக்கலாமா என்று தரையைக் கிளறப் போய், அடியில் வெண்கலக் காலத்துச் சுரங்க வழிகளைக் கண்டார்கள். ஏறத்தாழ 4,000 ஆண்டு பழமை. 1991 முதல் மக்களை உள்ளே விடுகிறார்கள். தலைக்கவசம் கொடுக்கிறார்கள், அலங்காரம் என்று நினைக்க வேண்டாம், எனக்கு மூன்று இடத்தில் இடித்தது. சுவரெல்லாம் பச்சைக் கறை, மாலகைட் என்ற செப்புத் தாது. அதைப் பின்தொடர்ந்து மாட்டெலும்பாலும் கடற்கரை உருளைக் கல்லாலும் மலையைக் குடைந்திருக்கிறார்கள். இரும்பு என்ற ஒன்றே அறியாத காலம்.

என்னை நிறுத்திவைத்தது ஒரு பக்கவழி. விளக்கு போட்டுக் காட்டியிருந்தார்கள். என் தோள் நுழையாது. பெரியவர்கள் புகமுடியாத இத்தகைய வழிகளில் சிறு பிள்ளைகள்தாம் வேலை செய்திருக்க வேண்டும் என்கிறார்கள். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. குனிந்து பார்த்துவிட்டு, "நான் போவேன்" என்றாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

அம்மாவை உள்ளே அழைத்துப் போகாதீர்கள். படிகள் உண்டு, குனிந்து நடக்க வேண்டும், உள்ளே வெளிக்காலத்தைப் பாராமல் எப்போதும் ஒரே குளிர். மேலே உட்கார இடம் இருக்கிறது. மகனுக்கு ஸ்வெட்டர் மறக்க வேண்டாம்.

நெய்தல் (கார்டிஃப்)

அறை எடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் இதைப் படித்துவிட்டு எடுங்கள்.

கடற்கரையை ஒட்டி வளைந்து நிற்கும் அந்த வெளிர்நிறக் கட்டடங்கள் படத்தில் கொள்ளை அழகு. நான்கு மாடி, ஐந்து மாடி. கட்டிய காலத்தில் லிஃப்ட் ஏது? பெரிய ஓட்டல்களில் பின்னால் பொருத்தியிருக்கிறார்கள். சின்ன விருந்தினர் இல்லங்கள் பலவற்றில் இன்றும் படிதான், அதுவும் மேலே போகப் போகக் குறுகும். நான் தங்கிய ஓர் இல்லத்தில் "கடல் பார்த்த அறை" என்று கூடுதலாக வாங்கினார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான்காம் மாடி ஏறினால், கூரைச் சரிவில் ஒரு சன்னல். நாற்காலி மேல் ஏறி நின்றால் கடல் தெரிந்தது. நின்ற வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. புகார் சொன்னதற்கு, நாற்காலி அதற்காகத்தான் என்ற பாவனையில் சிரித்தார்கள்.

தொலைபேசியில் கூப்பிட்டு இரண்டே கேள்வி கேளுங்கள்: லிஃப்ட் எந்த மாடி வரை போகிறது? எங்கள் அறைக்கு அதன் பிறகு எத்தனை படி?

இன்னொன்று. மே மாதத் தொடக்க வங்கி விடுமுறையில் விக்டோரியா கால உடை, நீராவி வண்டி, ராட்டினம் என்று ஊர் திருவிழாக் கோலம் பூணுவது வழக்கம். அப்போது அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. செப்டம்பரில் அந்தத் தொல்லை இல்லை. டிராமும் அக்டோபர் இறுதி வரை ஓடும்.

கோடைமழை (பர்மிங்காம்)

எல்லோருக்கும் நன்றி. ஆட்டைப் பற்றி மகனிடம் சொல்லிவிட்டேன், இனிப் பயணத்தை ரத்துச் செய்ய வழியில்லை. முயல் சிலைகளையும் கான்வியையும் பற்றி யாரும் பேசவில்லையே? கட்டடங்களைப் பற்றித் தெரிந்தவர் இருந்தாலும் சொல்லுங்கள், எனக்கு அதில்தான் ஆர்வம்.

பழைய வரைபடம் (செஸ்டர்)

முயல் சிலைகளுக்காக ஓர் அடிகூட அதிகம் நடக்க வேண்டாம். வெள்ளை முயல் வரும் 'அற்புத உலகில் ஆலிஸ்' கதைக்குத் தூண்டுதலான சிறுமி ஆலிஸ் லிடெல் குடும்பத்தோடு இங்கே விடுமுறைக்கு வந்தது உண்மை. மேற்குக் கரையில் 1862இல் வீடே கட்டினார்கள். அந்த வீட்டை 2008இல் இடித்துவிட்டார்கள். உண்மையான வீட்டை இடித்துவிட்டு ஊரெங்கும் மரத்திலும் உலோகத்திலும் சிலை வைத்தால் என்ன சொல்வது? சிறுவனுக்குப் பிடிக்கும், வழியில் தென்பட்டால் காட்டுங்கள். ஆனால் மேற்குக் கரைக்கு மாலையில் கட்டாயம் போங்கள். அந்தப் பக்கம்தான் மணல். வடக்குக் கரை கூழாங்கல். சூரியன் மறைவதும் அங்கேதான் தெரியும். அலை வடியும்போது கடல் வெகுதூரம் உள்வாங்கும், திரும்பி வரும்போது வேகமாக வரும். பையனை மணல்திட்டில் தனியாக விடாதீர்கள்.

கட்டடங்களுக்கு வருகிறேன். இந்த ஊரின் அழகு தற்செயலாக வந்ததல்ல. இரண்டு மலைகளுக்கு நடுவே சதுப்பு நிலம். மலைமேல் செப்புச் சுரங்கக்காரர்களின் குடிசைகள். 1848இல் ஓவன் வில்லியம்ஸ் என்ற லிவர்பூல் நில அளவையாளர் அந்தச் சதுப்பில் ஒரு விடுமுறை நகரம் எழுப்பலாம் என்று மோஸ்டின் பிரபுவிடம் வரைபடத்தோடு போனார். மனைகளை விற்கவில்லை, குத்தகைக்கு விட்டார்கள். தெரு எவ்வளவு அகலம், கட்டடம் எப்படி என்பதெல்லாம் நிபந்தனை. 1858இல் ரயில் வந்தது, ஊர் நிறைந்தது. கடற்கரைச் சாலையில் நடக்கும்போது கவனியுங்கள்: ஓட்டல் வரிசையில் கடைப் பலகைகள் கண்ணை உறுத்தாது. கடைகளெல்லாம் ஒரு தெரு உள்ளே, மோஸ்டின் தெருவில். அங்கே நடைபாதை மேல் இரும்புத் தூணும் கண்ணாடிக் கூரையுமாகப் பந்தல் போட்டிருக்கிறார்கள். மழை வந்தால் அம்மாவுக்குச் சிறந்த புகலிடம் அதுதான். இரும்புத் தூணின் தலைப்பகுதியில் வார்த்திருக்கும் பூவேலையை அண்ணாந்து பாருங்கள். எத்தனை முறை வண்ணம் பூசிப் பூசி இதழ்கள் மழுங்கியிருக்கின்றன!

கடற்பாலம் 1877இல் திறந்தது. 2,295 அடி, அதாவது 700 மீட்டர், வேல்ஸிலேயே நீளமானது. பலகைகளின் இடுக்கில் கீழே கடல் தெரியும். சிலருக்குத் தலை சுற்றும், ஓரத்துப் பெஞ்சில் உட்காரலாம். பாலத்துக்குப் பக்கத்தில் கடற்கரைச் சாலையில் பஞ்ச் அண்ட் ஜூடி பொம்மலாட்டம் நடந்தால் நின்று பாருங்கள். காட்மன் குடும்பம் 1860 முதல் இந்த ஊரில் நடத்துகிறது. அடிதடியும் கூச்சலுமாக இருக்கும். இந்தக் காலத்துக்கு ஒவ்வாத நகைச்சுவை என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. என் பேத்தி முதலை வந்ததும் என் கோட்டுக்குள் புகுந்துகொண்டாள், ஆட்டம் முடிந்ததும் மறுபடி கேட்டாள்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வருமான வரித்துறை லண்டன் குண்டுவீச்சுக்குத் தப்பி இந்த ஓட்டல்களுக்குக் குடிபெயர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடல் பார்த்த அறையில் அமர்ந்து வரி போட்டிருக்கிறார்கள். நம் காலத்தில் ஏன் அப்படி ஒரு மாற்றல் வரவில்லை என்று ஓய்வுபெற்ற பிறகும் வருத்தமாக இருக்கிறது.

தூண்டில் (பிராட்ஃபோர்ட்)

கடற்காகம். பெரிய விஷயம் என்பதால் தனியாகச் சொல்கிறேன். சிப்ஸ் பொட்டலத்தைத் திறந்தபடி பாலத்தில் நடக்காதீர்கள். பின்னாலிருந்து வரும், சிறகு காதில் உரசும், அடுத்த நொடி கையில் காகிதம் மட்டும் இருக்கும். என் மாமனார் வைத்திருந்த மீனை முழுசாகத் தூக்கிக்கொண்டு போனது. அவர் அரை நிமிடம் வெறும் முள்கரண்டியைப் பார்த்தபடி நின்றார். கூரை போட்ட கடற்கரைப் பெஞ்சுகள் இருக்கின்றன, சுவரில் முதுகைச் சாய்த்துச் சாப்பிடுங்கள். நாங்கள் இரண்டாம் நாள் புளிசாதம் எடுத்துப் போனோம், அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

வைகைக்கரை (மான்செஸ்டர்)

கான்வியை விட்டுவிடாதீர்கள் தம்பி, சனிக்கிழமையிலிருந்து மட்டும் எடுத்துவிடுங்கள். முதலாம் எட்வர்டு 1283இல் தொடங்கி நான்கே ஆண்டில் எழுப்பிய கோட்டை. ஊரைச் சுற்றிய மதிலும் இன்னும் நிற்கிறது. கோபுரத்தில் சுழல்படி, நீங்களும் மகனும் ஏறுங்கள். அம்மாவும் மருமகளும் படகுத்துறையில் இருக்கட்டும். அங்கே சிவப்பு வண்ணம் பூசிய பொம்மை வீடு போன்ற ஒன்று இருக்கிறது, பிரிட்டனின் மிகச் சிறிய வீடு. அகலம் 1.8 மீட்டர். கடைசியாகக் குடியிருந்தவர் ஆறடிக்கு மேல் உயரமான மீனவர். என் மாமியார் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "அடுப்பு எங்கே, படுக்கை எங்கே?" என்று அங்கிருந்த பெண்ணிடம் தமிழிலேயே கேட்டார். அந்தப் பெண்ணும் சரியாக விரல் நீட்டிக் காட்டினாள்.

நீங்கள் ரயிலில் வருவதால் ஞாயிறு அதற்குத் தோதானது. லாண்டிட்னோவிலிருந்து கான்விக்குப் பஸ். பார்த்து முடித்ததும் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் லாண்டிட்னோ ஜங்ஷன், பர்மிங்காம் வழி அங்கிருந்துதான். அம்மாவை அவ்வளவு தூரம் நடக்க விடாமல் டாக்ஸி வைத்துக்கொள்ளுங்கள்.

நெய்தல் (கார்டிஃப்)

ஞாயிறு ரயில் என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது. தண்டவாள வேலை என்று சொல்லி ஞாயிறுகளில் பாதி வழிக்குப் பஸ் விடுவது உண்டு. கிளம்பும் வாரத்தில் மறுபடி சரிபாருங்கள். வரும்போது செஸ்டரைத் தாண்டியதும் வலப்பக்கச் சன்னலில் அம்மாவை உட்கார வையுங்கள், கடல் அந்தப் பக்கம்தான் வரும்.

கோடைமழை (பர்மிங்காம்)

லிஃப்ட் இரண்டாம் மாடி வரை, அறையும் இரண்டாம் மாடி. இப்போதுதான் கூப்பிட்டுக் கேட்டேன். சனிக்கிழமை முதல் டிராம், பிறகு சுரங்கம், மாலை மேற்குக் கரை. ஞாயிறு காலை கடற்பாலம், பின் கான்வி. கேபிள் கார் ஓடினால் ஓடட்டும். புளிசாதத்துக்கு அம்மா ஒப்புக்கொண்டுவிட்டார்.