இசப்கோலும் கீரையும் கைகொடுக்கவில்லை: அறுவை சிகிச்சை இல்லாமல் மலச்சிக்கல் தீருமா?

கரிசல்மண்:
வயது 41. கல்லூரி நாள்களிலிருந்தே மலச்சிக்கல். வாரத்துக்கு இரண்டு முறை போனாலே பெரிது. வாசல்வரை வந்து நின்றுவிடுகிறது. முக்கி முக்கித் தலைவலிதான் மிச்சம். கொலோனோஸ்கோப்பி, தைராய்டு, சர்க்கரை, கால்சியம் எல்லாம் சரியாக இருக்கின்றன. கீரை, வாழைத்தண்டு, கொய்யா, இரவில் இசப்கோல் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. நார்ச்சத்து கூடக் கூட வயிறு ஊதுகிறது, அவ்வளவுதான். இப்போது ஒரு மருத்துவர் அறுவை சிகிச்சை பற்றிப் பேசுகிறார். கத்தி இல்லாமல் வழி உண்டா?

பட்டுக்கோட்டையான்:
என் அம்மாவுக்கு லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி சிரப்பில் வாயுத் தொல்லை அதிகமானது. பாலிஎத்திலீன் கிளைக்கால் தூளுக்கு மாற்றினார்கள்: தினமும் 17 கிராம், ஒரு தம்ளர் தண்ணீரில். குடலில் தண்ணீரைப் பிடித்துவைத்து மலத்தை இளக்குகிறதாம். பலன் தெரிய இரண்டு மூன்று நாள் பிடிக்கும். மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.

வார்டு அக்கா:
தங்கை, குடல் நோய்ப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். "வாசல்வரை வந்து நின்றுவிடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முக்கும்போது தளர வேண்டிய ஆசனவாய்த் தசை சிலருக்கு இறுகிக்கொள்ளும். கதவைத் தாழிட்டுவிட்டு உள்ளிருந்து தள்ளுவது போல. அப்படிப்பட்டவரிடம் இன்னும் கீரை சாப்பிடு, இன்னும் தவிடு சாப்பிடு என்பது கொடுமை.

இதைக் கண்டறிய எளிய சோதனை உண்டு. மலக்குடலில் சிறு பலூனை வைத்து 50 மில்லி வெதுவெதுப்பான நீர் நிரப்புவார்கள். நீங்கள் தனியாகக் கமோடில் உட்கார்ந்து அதை வெளியேற்ற வேண்டும். பொதுவாக ஒரு நிமிடம் போதும். கூடவே மேனோமெட்ரி என்ற அழுத்தச் சோதனையும் செய்வார்கள். வலி பெரிதாக இராது, கூச்சம்தான் அதிகம்.

தசைதான் காரணம் என்று தெரிந்தால் மருந்தைவிடப் பயிற்சிதான் முக்கியம். பயோஃபீட்பேக் என்பார்கள். மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே வைத்தால் திரையில் இரண்டு கோடுகள் ஓடும். ஒன்று மலக்குடலின் அழுத்தம், மற்றது ஆசனவாயின் இறுக்கம். முக்கும்போது முதலாவது ஏற வேண்டும், இரண்டாவது இறங்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஏறுவதைப் பார்த்த ஒரு தறிக்கார அம்மா, "அப்படியென்றால் இது என் சோம்பேறித்தனம் இல்லைதானே?" என்று கேட்டு அழுதுவிட்டார். இத்தனை வருடமும் அவரிடம் சோம்பேறித்தனம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். மூச்சை அடக்காமல், வயிற்றை முன்னே தள்ளி, கீழ்த்தசையைத் தளர்த்தப் பழக்குவார்கள். 2006இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், ஐந்து வாரப் பயிற்சி பெற்றவர்களில் 80 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். மேலே சொன்ன தூளை எடுத்தவர்களில் 22 சதவீதம் பேருக்குத்தான்.

அதுவரை, காலைச் சாப்பாடு முடிந்து அரைமணிக்குள் உட்காருங்கள். உணவு இறங்கியதும் பெருங்குடல் தானாக அசையும் நேரம் அது. மேற்கத்தியக் கமோடு என்றால் காலுக்கடியில் ஒரு முக்காலி போடுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் போராட வேண்டாம். வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா? குறிப்பாக இரும்புச்சத்து? அதுவும் மலத்தை இறுக்கும்.

தேரிக்காடு:
எங்கள் பக்கம் விளைகிற மலமிளக்கி மூலிகையான நிலாவரையைத்தான் 'திருநெல்வேலி சென்னா' என்று வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். அந்தக் கஷாயத்தைக் குடித்தால் ஆகாதா அக்கா?

வார்டு அக்கா:
நல்ல மருந்துதான் தம்பி. ஆனால் கஷாயத்தில் எவ்வளவு இறங்கியது என்று யாருக்கும் தெரியாது. அதே சத்து அளவோடு மாத்திரையாகக் கிடைக்கிறது. இரவில் போட்டால் 6 முதல் 12 மணி நேரத்தில் வேலை செய்யும். வயிற்றைப் பிடித்து இழுத்தால் அளவைக் குறைக்க வேண்டும்.

கரிசல்மண்:
மாதவிடாயில் இரத்தம் அதிகம் போவதால் தினமும் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறேன் அக்கா. இதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. பலூன் சோதனையை எங்கே போய்க் கேட்பது? சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

வார்டு அக்கா:
மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மேனோமெட்ரி எல்லா ஊரிலும் கிடையாது. மதுரை மாதிரிப் பெரிய ஊரில் உள்ள குடல் நோய்ப் பிரிவுகளுக்குப் போன் செய்து, "ஆசனவாய் மேனோமெட்ரியும் பயோஃபீட்பேக்கும் இருக்கிறதா, பெண் பணியாளர் உடன் இருப்பாரா" என்று கேளுங்கள். தினமும் அவர்கள் காதில் விழுகிற கேள்விதான் இது.

அறுவை சிகிச்சை என்பது, குடல் அசைவே மந்தம் என்று சோதனையில் உறுதியாகி, குடலை அசையத் தூண்டும் புரூகலோபிரைடு போன்ற மருந்துகளும் தோற்ற சிலருக்கு மட்டும். பலூனை வெளியேற்ற முடியாதவருக்குக் குடலை வெட்டினாலும் அந்தத் தசை அப்படியேதான் இருக்கும். மலத்தில் இரத்தம் கண்டாலோ காரணமில்லாமல் எடை குறைந்தாலோ மட்டும் எதற்கும் காத்திருக்காமல் உடனே போய்விடுங்கள்.